கடைசி ஒன்றரைப் பக்கம்

இன்னும் நான்கு பேர் பேச வேண்டும், ஐந்தாவதுதான் நான், அதற்குள் இந்த நாற்காலியிலேயே என் கதை முடிந்துவிடும் போலிருக்கிறது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு விளக்கேற்றவே இருபது நிமிஷம் வேண்டும். ஐந்து திரி, ஐந்து பெரிய மனிதர்கள், ஒரே மெழுகுவர்த்தியைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். படம் சரியாக விழவில்லை என்று கேமராக்காரன் சொன்னதும் இரண்டாவது திரியை அணைத்துவிட்டு அதே மனிதர் அதே பக்தியோடு மறுபடியும் ஏற்றினார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா இவர்களுக்கு. இப்போது மைக்கைப் பிடித்திருப்பவர் ஒரு முன்னாள் அமைச்சர். நான் முப்பத்தைந்து வருடம் நாகர்கோவில் தந்தி ஆபீசில் சொல் எண்ணிச் சோறு தின்றவன், எவராவது வாயைத் திறந்தால் என் விரல்கள் தாமாக மடங்கி எண்ண ஆரம்பித்துவிடும். அமைச்சர் கால் மணி நேரமாகப் பேசியதைத் தந்தியாக அடித்தால் ஐந்து சொல்லில் அடங்கும்: குரியாக்கோஸ் பெரியவர், நான் அவரைவிடப் பெரியவர். யாருக்காக இவ்வளவும்? மேடைக்கு நடுவில் சக்கர நாற்காலியில், கரை வேட்டியும் சலவை ஜிப்பாவுமாக, வலது கை மடியில் செத்துக் கிடக்க, உதட்டோரம் வழிவதை மகள் ரீத்தா துடைத்துவிட, உட்கார்ந்திருக்கிறாரே மாளியேக்கல் குரியாக்கோஸ், அவருக்காக. பதினான்கு நாவல், இருபத்தாறு படத்துக்குத் திரைக்கதை, எண்பத்துநான்கு வயசு. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கேரளத்தில் இவர் வாயால் அவமானப்படாத எழுத்தாளர் கிடையாது. அந்த வாய் மூடிக் கிடப்பதால்தான் இத்தனை பேர் தைரியமாக வந்து புகழ்கிறார்கள். நானும் அந்தத் தைரியத்தில்தான் வந்திருக்கிறேன், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் இல்லை. என் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. மலையாளத்தில் எழுதி, வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஏழு தடவை வாசித்துப் பார்த்தது. இந்த மனிதர் செய்த திருட்டு அதில் இருக்கிறது, முப்பத்துமூன்று வருடமாக நான் விழுங்கி வைத்திருக்கும் திருட்டு, இன்றைக்கு இந்த மண்டபத்தில் இவர் முன்னாலேயே அதைக் கக்கிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன். இவர் செத்த பிறகு சொன்னால் செத்தவனைப் பழிக்கிறான் என்பார்கள். பேச்சு இருக்கும்போது சொல்லியிருந்தால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். இதுதான் சரியான நேரம். நாக்கு வறண்டு போயிருக்கிறது. எதிரில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, குடித்தால் பாதியில் எழுந்து போக வேண்டிவரும், வேண்டாம்.

மூன்றாவது வரிசையில் ஆவுடை கொட்டாவி விடுகிறாள். வாயைப் பொத்திக்கொண்டாவது விடலாம், அது கிடையாது. மடியில் ரெக்சின் பை, பைக்குள் புளியோதரைப் பொட்டலம், தண்ணீர், பஸ்ஸில் எனக்கு வாந்தி வந்தால் என்று ஒரு எலுமிச்சம்பழம். என் மனைவிக்கு இந்த விழா எதற்கு என்றே தெரியாது. சங்கரன்கோவில்காரி, நாகர்கோவிலில் நாற்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியும் மலையாளம் ஒரு சொல் காதில் ஏறவில்லை. நீங்க தனியாப் போயி மயங்கி விழுந்தா யாரு தூக்குவா என்று கேட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிட்டாள். அமைச்சர் உட்கார்ந்தார், பேராசிரியர் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, சபையை ஒரு சுற்றுப் பார்த்து, 'எட்டு மணி மழை'யைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன் என்கிறார். வேறு எதைப் பற்றிப் பேசுவார்? மற்ற பதின்மூன்று நாவலை எவன் படித்தான்? கதையையே தப்பாகச் சொல்கிறார் பாருங்கள், கதாநாயகன் பைலி தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தானாம். ரப்பர் தோட்டம், ஐயா, ரப்பர். நாற்பத்தொரு அத்தியாயம் ரப்பர் பால் நாற்றத்தை எழுதி வைத்திருக்கிறார், அதுகூட மூக்கில் ஏறவில்லை. பைலி தோட்டத்துக் கணக்கு எழுதும் எழுத்தன். தினம் காலை எட்டு மணிக்கு மழைமானியின் மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் தண்ணீரை அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டியது அவன் வேலை. இருபத்தெட்டு வருடம் ஒரு நாள் தவறியதில்லை, ஒரு துளி கூட்டியதில்லை, குறைத்ததில்லை. கட்டிய பெண்டாட்டி ஏலியாம்மாவிடம் மட்டும் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவள் செத்துப் போகிறாள். கோடைக்காலம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை எட்டு மணிக்குப் பைலி மழைமானியைத் திறக்கிறான், உள்ளே காய்ந்து கிடக்கிறது. 'ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டும். அவன் எழுதவில்லை. வீட்டுக்குள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து மழைமானிக்குள் ஊற்றுகிறான், ஊற்றியதை அளக்கிறான், அளந்ததை எழுதுகிறான். ஆயுளில் அவன் எழுதிய ஒரே பொய். நாவல் அங்கே முடிகிறது. பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, இந்த ஒரு முடிவுக்காகவே குரியாக்கோஸ் சாரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்கிறார். கும்பிடுங்கள், நன்றாகக் கும்பிடுங்கள். ஆனால் ஆள் மாறிக் கும்பிடுகிறீர்கள். அந்த முடிவை எழுதியவனுடைய கால் உங்களுக்கு இடப்பக்கம் மூன்றாவது நாற்காலிக்குக் கீழே, பேட்டா செருப்புக்குள், மரத்துப் போய்க் கிடக்கிறது.

எப்படி என்று கேட்டால் இவர்களுக்கு விளங்குமா. தாளில் எழுதியிருக்கிறேன், இரண்டாவது பத்தி. எண்பத்தைந்தாம் வருடம் அந்த நாவல் ஒரு மலையாள வாரப்பத்திரிகையில் தொடராக வந்தது. இங்கே வேலை பார்த்த என் தம்பி வாரா வாரம் கத்தரித்து எனக்குத் தபாலில் அனுப்புவான். புத்தகமாக வரட்டும் என்று காத்திருப்பதுதான் மூளை உள்ளவன் செய்கிற காரியம், ஆனால் மொழிபெயர்க்கிறவனுக்கு மூளையைவிட, வேறு எவனாவது முந்திக்கொள்வானோ என்ற பயம்தான் அதிகம். தொடர் வரவர நான் தமிழில் எழுதிக்கொண்டே போனேன். மதுரைப் பதிப்பாளர் வேறு அட்டையெல்லாம் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு துண்டின் அடியிலும் 'தொடரும்' என்று இருக்கும். நாற்பத்தொன்றாவது துண்டு, 'பைலி மழைமானியின் மூடியைத் திறந்தான்' என்ற வரியோடு நிற்கிறது. அடியில் தொடரும் இல்லை, முடிந்தது என்றும் இல்லை, கத்தரி போன தடம்தான் இருக்கிறது. அடுத்த வாரம் துண்டே வரவில்லை. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன் என்று தம்பி சத்தியம் செய்தான். அவன் சத்தியம் செய்தால் நேர்மாறாக எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம், ஆக ஒரு துண்டைத் தொலைத்துவிட்டு மழுப்புகிறான் என்று முடிவு செய்தேன். மூடியைத் திறந்தான் என்று எவனாவது நாவலை முடிப்பானா? குரியாக்கோசுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் எழுதினால் மாளியேக்கல் வீட்டு மதிப்பு என்ன ஆகும், எழுதவில்லை. மதுரைக்காரர் தினம் ஆபீசுக்கு டிரங்க் கால் போடுகிறார். அப்புறம் ஒரு மதியம் நானே உட்கார்ந்து அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதினேன். அடித்தல் திருத்தல் கிடையாது, உட்கார்ந்த வாக்கில் வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால், வந்தது, அவ்வளவுதான். ஆவுடை அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அது ஞாபகம் இருக்கிறது. அரிவாள்மணைச் சத்தம், அவரைக்காயின் பச்சை வாசனை. அது எதற்கு இப்போது. புத்தகம் வந்தது, கும்பகோணத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் கடிதங்கள் வந்தன, அத்தனையும் கடைசிப் பக்கத்தைப் பற்றி. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறு வருடம் மலையாளப் புத்தகம் கைக்கு வந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 'பைலி மழைமானியின் மூடியைத் திறந்தான்.' அதற்குக் கீழே வெள்ளைத் தாள். தம்பி எதையும் தொலைக்கவில்லை. அந்த மனிதர் அப்படித்தான் முடித்திருந்தார், முடிந்துபோன நாவலுக்கு நான் வால் தைத்திருக்கிறேன். இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். யாரிடம் சொல்வது, தம்பியிடம்கூட மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

திரைப்பட இயக்குநர் பேசுகிறார். தலைமுடிக்கு அடித்த சாயம் நெற்றியில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குரியாக்கோஸ் சார் திரைக்கதை எழுதுகிற முறையைப் பற்றிச் சிலாகிக்கிறார்: தயாரிப்பாளர் எறணாகுளத்தில் ஒரு லாட்ஜ் அறை போட்டுக் கொடுக்க வேண்டும், சார் கட்டிலில் படுக்க மாட்டார், தரையில் பாயில் மல்லாந்துகொண்டு வாயால் சொல்வார், இருவர் மாற்றி மாற்றி எழுதுவார்கள், யார் சொல்வது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எண்பத்தெட்டாம் வருடம் ஒரு கார்டு வந்தது. எறணாகுளம் வரவும், தமிழ்ப் புத்தகத்தோடு, குரியாக்கோஸ். ஐந்து சொல், தந்திக்காரனுக்கே தந்தி பாஷை. தோலை உரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய மன்னிப்பை ரயில் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மனிதர் வெற்று உடம்போடு பாயில் கிடந்தார், மார்பு முழுக்க நரைமயிர், பக்கத்தில் பீடிக் கட்டு. உட்கார் என்று சொன்னார், உட்கார ஒன்றும் இல்லை, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி அத்தியாயத்தைத் தமிழில் வாசி என்றார். வாசித்தேன். மூடியைத் திறந்தான் என்ற வரி வந்ததும் நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன், அவர் கண்ணை மூடியபடி விரலை அசைத்தார், மேலே போ என்று. பைலி தண்ணீர் ஊற்றுகிற இடம் வந்தபோது எழுதிக்கொண்டிருந்த இருவரும் பேனாவை வைத்துவிட்டார்கள். வாசித்து முடித்தேன். "ஒன்னுகூடி வாயிக்கு" என்றார். இன்னொரு தடவை வாசித்தேன், இந்தத் தடவை குரலில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு, ஐயோ, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. திட்டவில்லை, பாராட்டவில்லை, இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் இல்லை. கீழே போய்ச் சாயா குடித்துவிட்டுப் போ என்றார். நான் திருட்டுக் கொடுக்கிறவனாக அன்றைக்கு வாசற்படி ஏறிப் போய், திருடனுக்கு இரண்டு தடவை ராகம் போட்டு வாசித்துக் காட்டிவிட்டு, மன்னிப்புக் கிடைத்தது என்ற சந்தோஷத்தில் சாயாவும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். என்னைவிட அசடு இந்தக் கேரளத்தில் வேறு எவனும் கால் வைத்திருக்க மாட்டான்.

மறு வருடம் படம் வந்தது. கடைசிக் காட்சியில் பைலி மூக்கு வைத்த வெண்கலக் கிண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறான். திரைக்கதைக்குப் பரிசு. அதற்கடுத்த பதிப்பில் என் ஒன்றரைப் பக்கம் மலையாளத்தில் வந்து புத்தகத்தின் வாலில் ஒட்டிக்கொண்டது, இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் படித்து உருகியது அதைத்தான். பேட்டியில் கேட்டார்கள், அந்த முடிவு எப்படி வந்தது என்று. ஒரு காலை பல் தேய்க்கும்போது வந்தது என்று சொன்னார். பல் தேய்க்கும்போது! அந்தப் பத்திரிகைத் துண்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது, இந்த மனிதரை வெறுப்பது. தினசரி பிழைப்புக்கு நடுவில் அது ஒரு தெம்பு. அதிகாரி கத்தினாலும், பதவி உயர்வு அடுத்தவனுக்குப் போனாலும், உள்ளே ஒரு மூலையில் நான் ஏமாற்றப்பட்ட பெரிய கலைஞன் என்று சொல்லிக்கொள்ளலாம். தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் அந்தப் படத்தைப் போட்டார்கள். எங்கள் வீட்டில்தான் டிவி, பக்கத்து வீட்டு மேரி டீச்சர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். பாஷை தெரியாமல் ஆவுடை பாதிப் படம் தூங்கினாள். கடைசியில் பைலி கிண்டியைச் சாய்த்ததும் எழுந்து உட்கார்ந்து என்னவோ சொன்னாள், நான் சும்மா இரு என்று ஒரு அதட்டு அதட்டினேன், டீச்சருக்கு முன்னால் முகம் சுருங்கிப் போய் அடுக்களைக்குள் போய்விட்டாள். என்னத்தையோ சொன்னாள். படம் பார்க்கும்போது பேசினால் எனக்குப் பிடிக்காது, அதனால்தான் அதட்டினேன். இயக்குநர் இன்னும் முடிக்கவில்லை, அந்தக் கிண்டியைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்கிறார். எல்லோரும் எதையாவது ஒன்றைத் தங்களுடையது என்கிறார்கள். சிறுநீர் முட்டுகிறது. பேசி முடிக்கும்வரை அடக்கியாக வேண்டும்.

இப்போது மலையாளப் பதிப்பாளர், இவருக்கு அப்புறம் நான். 'எட்டு மணி மழை'யின் புதிய பதிப்பு வருகிறது, முதல் பிரதியைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வாங்கிக்கொள்வார் என்று அறிவிக்கிறார். ரீத்தா கடிதம் போட்டபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பச்சனுக்கு நீங்கள் வர வேண்டும் என்று ஆசை என்று எழுதியிருந்தாள். ஆசையாம். மேடைக்கு ஒரு தமிழன் வேண்டும், இலையில் ஊறுகாய் வைக்கிற மாதிரி, அதற்குத்தான். தாளைப் பைக்கு வெளியே இருந்து தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. அதன் கடைசி வரி எனக்கே பிடித்த வரி: பிறர் வாயிலிருந்து வந்ததைத் தன் பெயரில் போட்டுக்கொண்டு முப்பது வருடம் நிமிர்ந்து நடந்தவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்பது? இதை வாசித்துவிட்டு அவர் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், கண்ணாடி முன்னால் அப்படித்தான் செய்து பார்த்தேன். கல்லெறிவார்களா? எறியட்டும். ரீத்தா அழுவாள். அழட்டும், என்ன இப்போது. எனக்கு எழுபத்தொரு வயசு, இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இதை விட்டால் இந்த ஜன்மத்தில் என் பெயர் அந்தப் பக்கத்தில் ஏறாது. குரியாக்கோஸ் என்னைப் பார்க்கிறார். இடது கண் மட்டும் சரியாகத் திறந்திருக்கிறது. அந்தக் கண்ணில் பழைய ஏளனம் இருக்கும் என்று தேடினேன், வெறும் ஈரம்தான் இருந்தது, அது நோயாளியின் கண்ணில் எப்போதும் இருக்கிற ஈரம், அதற்கெல்லாம் நான் மயங்க மாட்டேன். பெயரைச் சொல்லிவிட்டார்கள். எழுந்து நடக்கிறேன், கால் மரத்திருக்கிறது, அமைச்சர் பச்சைப் பளபளக் காகிதம் சுற்றிய பொட்டலத்தை என் கையில் வைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், என் முகத்துக்கும் வெட்கம் இல்லை. ரிப்பன் முடிச்சு நகத்தில் சிக்கி வரவில்லை. ரீத்தா வந்து பிரித்துக் கொடுத்து, "அங்கிள், மூணாவது பக்கம் பாருங்க. எழுத்து அட்டையில ஒவ்வொரு எழுத்தா அப்பச்சன் இடது கை விரலை வெச்சு வெச்சுக் காட்டினது. நாலு நாளாச்சு" என்றாள்.

மூன்றாவது பக்கம். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசிக்கிறேன், மலையாள எழுத்துகள் ஒரு நொடி ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டு, அப்புறம் பிரிந்து நிற்கின்றன. இந்த நாவலின் கடைசி ஒன்றரைப் பக்கம் நான் எழுதியதல்ல. தமிழில் மொழிபெயர்த்த நாகர்கோவில் தாணுமாலயன் எழுதியது. அவர் வாயால் இரண்டு முறை கேட்டு எடுத்துக்கொண்டேன். அனுமதி கேட்கவில்லை, வெளியே சொல்லவும் இல்லை. பேச்சு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். கீழே அவர் பெயர், தேதி. அவ்வளவுதான். விரல்கள் மடங்கவில்லை, நான் எண்ணவில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு தடவை விரலைத் தூக்கி, வைத்து, தவறாக வைத்து, மறுபடியும் வைத்து, நான்கு நாள். தந்தி அடித்த கைக்கு அந்த வேலை என்னவென்று தெரியும். அதற்குள் ரீத்தா மைக்கில் அதை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள், அவள் முடித்ததும் யாரோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், பேராசிரியர் எழுந்து நிற்கிறார், காலைத் தொடச் சொன்னவர் என் காலைப் பார்க்கிறார். சட்டைப் பைக்குள் அந்தத் தாள் சுடுகிறது. அதை இனி யாருக்கு வாசிப்பது. பிறர் வாயிலிருந்து வந்ததைத் தன் பெயரில் போட்டுக்கொண்டு. மூன்றாவது வரிசையில் எல்லோரும் நிற்பதால் ஆவுடையும் எழுந்து நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கைதட்டுகிறாள், எதற்கென்று தெரியாமல். சீனியவரைக்காய். நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு தம்பியையும் குரியாக்கோசையும் உரக்கத் திட்டினேன், மூடியைத் திறந்தானாம், திறந்து என்ன செய்தான், எழவு. அவள் கதையைக் கேட்டாள். வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். அவள எடுத்தாச்சா என்றாள். எடுத்தாச்சு என்றேன். அன்னைக்கு மழை பெய்யலையா என்றாள். இல்லை என்றேன். அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "அப்பம் அவனே ஒரு செம்புத் தண்ணிய அதுல ஊத்திட்டு எழுதியிருப்பான். அவ போன மறுநாளே ஒண்ணுமில்லன்னு எழுததுக்கு அவனுக்குக் கை வருமா?" உனக்கு என்ன தெரியும், அடுப்பைப் பாரு என்று சொல்லிவிட்டு, மேஜைக்குப் போய், அவள் சொன்ன செம்பை மட்டும் கண்ணாடி டம்ளராக்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதினேன். அவரைக்காய் தாளிக்கும் முன்னால் எழுதி முடித்துவிட்டேன். தூர்தர்ஷன் மதியத்தில் அவள் சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது. "ஏங்க, இது நான் சொன்னதுல்லா?" என்று சொன்னாள், ஒரு குழந்தைச் சந்தோஷத்தோடு, மேரி டீச்சரைப் பார்த்துக்கொண்டே. நான் அதட்டினேன். அதற்கப்புறம் முப்பத்தோரு வருடத்தில் அவள் அதை ஒரு தடவையும் சொன்னதில்லை.

மைக் எனக்கு உயரமாக இருக்கிறது, யாரோ வந்து வளைத்து விடுகிறார்கள். சபை உட்கார்ந்துவிட்டது. ஆவுடை சொன்னாள், நான் எழுதினேன். நான்கு சொல். வாய் செத்த மனிதர் இத்தனை எழுத்தை விரலால் பொறுக்கிப் போட்டிருக்கிறார், எனக்கு நாக்கு இருக்கிறது, மைக் இருக்கிறது, நான்கு சொல். சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள். அவரைக்காய் நறுக்குகிறவள் சொன்னதையா நாங்கள் படித்து உருகினோம் என்பார்கள். இல்லை, சிரிக்க மாட்டார்கள், அவளுக்கும் எழுந்து நின்று கைதட்டுவார்கள், அதுதான், அவளுக்குத் தட்டுவார்கள், எனக்கு என்ன மிஞ்சும், தபாலில் வந்த துண்டைச் சரியாகப் பார்க்காதவன், கேட்டதை எழுதிக்கொண்டவன், சொல் எண்ணுகிற குமாஸ்தா. சீ, என்ன மனிதன் நான். முப்பத்துமூன்று வருடம் ஒருத்தரை எந்தப் பெயரால் வைதேனோ அந்தப் பெயர் எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இது தெரிந்தும் வாய் திறக்கிறது. திறந்து என்ன சொல்லும் என்று நானே காத்திருக்கிறேன். ஆமாம், அதை நான்தான் எழுதினேன், சார் சொன்னதற்கு நன்றி. என் குரல்தான், மலையாளத்தில், கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆகிறது. திரும்பி நாற்காலிக்கு நடக்கிறேன். குரியாக்கோஸ் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப் போயிருந்தார். இத்தனை காலம் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டுத் தூங்குகிறார், எழுப்பினாலும் எழ மாட்டார் போலிருந்தது. நான் உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஆவுடை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் தட்டினார்களே, எதற்கு என்று கேட்கிறாள், புருவத்தைத் தூக்கி, கையை மலர்த்தி. எனக்கு நேராகத் தெரிகிறது அந்தக் கை. இடது கையை விரித்து ஆட்டினேன், ஒண்ணுமில்லை என்று. அவள் சரி என்று தலையை அசைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.